வேறொருவர் வாசிக்க வேண்டிய கடிதம்

பெத்திக்குப்பம், கும்மிடிப்பூண்டி
14.7.2024

அன்புத் தம்பி ஜெரால்டுக்கு,

அக்கா மெர்சி எழுதுகிறேன். பயந்துவிடாதே, கெட்ட செய்தி எதுவும் இல்லை. நான் சுகம். அத்தைக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறை இல்லை. மகன் போன வீட்டில் மருமகளோடு பதினோரு வருஷம் இருக்கிற மாமியாரை வேறெங்கே பார்க்க முடியும்? மாதா தயவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போனில் ஒரு நிமிஷம் பேசுவதோடு சரி, இப்போது ஏன் கடிதம் என்று முழிப்பாய். எல்லாம் நந்தினி என்கிற பெண்ணால். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பண்ணுகிறது. செவ்வாப்பேட்டையிலிருந்து இரண்டு ரயில் பிடித்து எங்கள் கம்பெனி கேன்டீனுக்கு வந்து, நான் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை காத்துக்கொண்டு நின்றது. யார் எந்த ஊரை விட்டுப் போனார்கள், யார் எங்கிருந்து வந்தார்கள் என்று ஜனங்களே சொல்லி ஜனங்களே எழுதுகிற சரித்திரமாம். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். யாரும் வரலாம், போண்டா டீ உண்டு.

என்னையும் கேட்டது. "பொன்னேரி பக்கம்தாம்மா. எங்கம்மா சின்னப்பொண்ணு நடவு நட்டுக்கினு இருந்தாங்கோ. கம்பெனி வந்துச்சு, நாங்களும் இங்க வந்துட்டோம். பதினெட்டு கிலோமீட்டர்ல இன்னா சரித்திரம் கீது?" என்றேன். அதையும் எழுதிக்கொண்டது. பிறகு, "உங்க வீட்டிலேர்ந்து வெளிய போனவங்க யாருக்கா?" என்றது. நான் யோசிப்பதற்குள் வாய் உன் பெயரைச் சொல்லிவிட்டது.

போனவருக்குக் கையால் கடிதம் எழுத வேண்டும், பதிலும் வாங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு ஜெராக்ஸ் அவர்களுக்கு. பிறர் பார்க்கக் கூடாத வரியின் மேல் கருப்புத் தாள் ஒட்டிக் கொடுக்கலாம். முழுக் கடிதத்தையும் ஒட்டிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்களாம். நல்ல கூத்து!

அத்தைக்கு நான் எழுதுவது தெரியாது. வேளைக்குச் சாப்பிடு.

உன் பதிலுக்காகத் தபால்காரரை மறிக்கப் போகும்
அக்கா மெர்சி


ஹட்பே, லிட்டில் அந்தமான்
9.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெரால்ட் எழுதும் வணக்கம். உன் கடிதம் விமானம் ஏறி, கப்பல் ஏறி, கொஞ்சம் நனைந்து வந்து சேர்ந்தது. உன் கையெழுத்து இன்னும் பத்தாவது பரீட்சை எழுதுகிற மாதிரியே இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. படகு எஞ்சின் ரிப்பேர் வேலை, கையெல்லாம் கிரீஸ். தாளில் கறை இருந்தால் அதுதான்.

இங்கே எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். பக்கத்து வீடு வங்காளி, எதிர் வீடு ராஞ்சி. 'உன் ஊர் எது' என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கடலைத்தான் காட்டுவார்கள். நந்தினி இங்கே வந்தால் திரும்பிப் போகவே மாட்டாள்.

விடியற்காலையில் கடலும் வானமும் ஒரே வெள்ளையாக இருக்கும். எது எங்கே முடிகிறது என்று தெரியாது. கண் விழித்ததும் ஒரு நிமிஷம் நான் எங்கே படுத்திருக்கிறேன் என்பதும் தெரியாது. மில் சங்கு ஊதுகிற மாதிரி இருக்கும். அந்த ஒரு நிமிஷம் அந்தோணி மாமா உயிரோடு இருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொள்ளச் சொல்லி நான் கேட்டிருக்கவும் மாட்டேன். அப்புறம் சேவல் கூவிவிடும்.

அத்தை என்னைப் பற்றிப் பேசுகிறார்களா? கருப்புத் தாள் ஒட்டாமல் சொல்.

தம்பி ஜெரால்ட்


பெத்திக்குப்பம்
1.9.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஆனாலும் ஆவல்தான். இருமல் கிருமல் இல்லாமல் இருக்கிறாயா?

போன ஞாயிறு பொன்னேரிக் கூட்டத்துக்குப் போனேன். மண்டபத்தின் தரை முழுக்க ஒரு நீலத் துணியை விரித்திருந்தார்கள். அதில் ஊர்கள், ஆறு, ரயில் பாதை, கடல் எல்லாம் சாக்பீஸால் வரைந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, அவரவர் வீட்டு ஆள் போன இடத்தில் போய் நிற்க வேண்டும். சிப்காட்டில் வேலை செய்கிற ஒடியா பையன்கள் மேடையோரம் நின்றார்கள். வள்ளூர்க்காரர் ஒருவர் மஸ்கட்டில் நின்றார். நான் துணியின் ஓரம்வரை நடந்து கடல் நடுவில் நின்றேன். என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. ஜன்னல் காற்றில் துணி காலடியில் அலை மாதிரி எழும்பி எழும்பித் தாழ்ந்தது. எனக்குத் தலை சுற்றியது, ஆனால் நகர மனம் வரவில்லை. உன் ஊரில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் பெரிய கூட்டம். அன்று கடிதங்களை வாசிப்பார்கள். ஒருவர் கடிதத்தை அவரே வாசிக்கக் கூடாது, சீட்டுப் போட்டு வேறொருவர் வாசிக்க வேண்டும் என்பது விதி. நம் கதையை அந்நியர் வாயால் கேட்டால்தான் அது நம் காதில் விழுமாம். இதற்கெல்லாம் படிப்பு வேண்டும்போல.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் கடிதத்தை அத்தை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்துவிட்டார். "எம்புள்ளய முழுங்கினவன் கைல எழுதினது இந்த ஊட்ல இன்னாத்துக்கு?" என்றார். நான் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். அவர் கிழிக்கவில்லை, அதுவரை சந்தோஷம்.

மனசில் வைத்துக்கொள்ளாதே. மழைக்கு முன்னால் கூரையைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஹட்பே
29.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தையின் முட்டிக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, என் பெயர் சொல்லாமல் கொடுக்க முடியுமானால் அனுப்புகிறேன்.

டிசம்பரில் வாசிக்க இந்தக் கடிதத்தைக் கொடு. எதையும் மறைக்க வேண்டாம். கேட்பவர்களுக்குப் புரியும்படி முதலிலிருந்து எழுதுகிறேன்.

நானும் என் அக்கா புருஷன் அந்தோணியும் ஒரே கம்பி மில்லில் வேலை. ஒரு ஞாயிறு எனக்குப் பகல் ஷிப்ட், அவருக்கு விடுமுறை. பழவேற்காட்டில் பிளமிங்கோ வந்திருக்கிறது, படகில் போகலாம் என்று கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். ஷிப்டை மாற்றிக்கொள்வது எங்களுக்குள் சகஜம். இன்றைக்கு நீ போ, நாளைக்கு நான் போகிறேன், மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமாவைக் கேட்டேன். சரிடா போ என்றார்.

ஏரி முழுக்க ரோஸ் நிறம். தண்ணீரில் கால் இருப்பதே தெரியாமல் ஆயிரம் பறவை சும்மா நின்றுகொண்டிருந்தது. படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். ஒரு சத்தம் இல்லை. உலகத்தில் இவ்வளவு அழகு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பி தடம் விலகிப் பாய்ந்து மாமா மேல் விழுந்தது அதே நேரம். நான் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பி வந்தேன்.

நான் கேட்டிருக்கக் கூடாது. அதனால் ஊரை விட்டுப் போனேன். இவ்வளவுதான் என் சரித்திரம்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். ஒரே ஒரு நாள் நான் வரலாமா? மாமா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அத்தை முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விடுவேன். நீ வா என்று எழுதினால் வருகிறேன். எழுதாவிட்டால் வரமாட்டேன்.

தம்பி ஜெரால்ட்


ஹட்பே
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? கடிதம் போய் ஆறு வாரம் ஆகிறது. காற்று பலமாக இருந்து கப்பல் நின்றுபோனது, பிறகு வந்தது. தபால் பையைப் பிரிக்கிற இடத்தில் நானே போய் நிற்கிறேன். வங்காளிக்கு இரண்டு வந்தது.

முடியாது என்றால் முடியாது என்றாவது எழுது. நான் சின்னப் பையன் இல்லை.

ஜெரால்ட்


பெத்திக்குப்பம்
24.11.2024

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே விடாத மழை, ஆரணி ஆற்றில் தண்ணீர். கேன்டீனில் இரண்டு பேர் வரவில்லை, நாஷ்டா வேலை முழுக்க என் தலையில். கல்லறைத் திருநாளுக்கு நானும் அத்தையும் போய்ச் சுத்தம் செய்து பூ வைத்தோம். மழையில் மெழுகுவத்தி நிற்கவில்லை.

ஒரு கனவு வந்தது. நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், சுத்தமான தண்ணீர். அதில் நீ நடந்து வருகிறாய். நான் கதவருகில் நிற்கிறேன். உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டும், அது என்னவென்று கனவிலும் எனக்குத் தெரிகிறது. வாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. நீ வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறாய்.

வருவதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். அத்தைக்கு மனசு சரியில்லை. டிசம்பர் கூட்டம் முடியட்டும். தைலம் அனுப்பாதே, கண்டுபிடித்துவிடுவார்.

பத்திரம்.

அக்கா


செவ்வாப்பேட்டை
11.12.2024

அன்புள்ள மெர்சி அக்காவுக்கு,

நந்தினி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீடு போய்ச் சேர்ந்தீர்களா, உங்கள் அத்தை ஆரோக்கியமேரி அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க நேற்று வந்தேன். கதவு சாத்தியிருந்தது. தட்டத் தயக்கமாக இருந்தது.

உங்கள் தம்பியின் கடிதத்தைக் குணசுந்தரி அம்மா வாசித்தபோது நீங்கள் எழுந்து பேசியது எங்கள் ஒலிப்பதிவில் இருக்கிறது. பல்கலைக்கழகக் கண்காட்சியில் பொதுமக்கள் கேட்கும்படி இவை வைக்கப்படும். பதிவு உங்களுடையது, எங்களுடையது அல்ல. அழித்துவிடுங்கள் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் உங்கள் கண் முன்னால் அழித்துவிடுவோம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

என் ஆராய்ச்சியால் உங்கள் வீட்டில் நிம்மதி போயிருந்தால், என்னை மன்னித்துவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
நந்தினி


பெத்திக்குப்பம்
14.12.2024

அன்புள்ள நந்தினிக்கு,

நீ நன்றாயிரு. உன்மேல் வருத்தம் இல்லை.

பதிவை அழிக்காதே, அம்மா. இரண்டாம் முறை அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வருமா என்று தெரியாது. ஆனால் என் தம்பிக்கு நீ அனுப்பாதே. அவனுக்கு நான்தான் எழுத வேண்டும். கதவைத் தட்டியிருக்கலாம், டீயாவது போட்டிருப்பேன்.

மெர்சி


பெத்திக்குப்பம்
20.12.2024

தம்பி ஜெரால்ட்,

நான் உயிரோடு இருக்கிறேன், அத்தையும் இருக்கிறார். நீ சுகமாக இருக்க வேண்டும்.

எட்டாம் தேதி கூட்டம் நடந்தது. அத்தையும் கூட வந்தார். "எம்புள்ள பேரு வருமா அதுல?" என்று நந்தினியிடம் கேட்டாராம், வரும் என்றதும் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மண்டபத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். உன் கடிதம் யாருக்குச் சீட்டில் வந்தது தெரியுமா? குணசுந்தரி அம்மாவுக்கு. அம்மா நடவு நட்டாளே, அந்த வயலின் சொந்தக்காரர் வீட்டு மருமகள். நம் தெருப் பக்கம் ஒரு நாளும் வந்தறியாதவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'நானும் என் அக்கா புருஷன் அந்தோணியும்' என்று ஆரம்பித்தார். அவர் குரல் நிதானமான குரல். ரோஸ் நிற ஏரி வந்தபோது நான் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் 'நான் கேட்டிருக்கக் கூடாது' என்று வாசித்தார். வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பக்கத்தில் அத்தை, "இப்பவாச்சும் ஒத்துக்கினானே" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன் கேட்டான். அவரு முடியாதுன்னுட்டாரு. ஆறு நாளா நின்னுக்கினு இடுப்பு கழண்டுபோச்சு, நாளைக்குப் படுக்கணும்னாரு. இவனும் சரி மாமான்னு போய்ட்டான். அப்பால நாந்தான் விடல. எந்தம்பி ஒரு நாளு பறவயப் பாக்கணும்ன்றான், நீ ஊட்ல படுத்துக்கினு இன்னா பண்ணப்போறன்னு ராவெல்லாம் பேசினேன். காலீல நானே எழுப்பி டிபன் கட்டிக் குடுத்து அனுப்பினேன். அனுப்பினவ நானு."

மாமா சரி என்றதாக நீ எழுதியிருக்கிறாய். முடியாது என்றுதான் சொன்னார். உனக்கு மறந்துவிட்டது போல. எனக்கு ஒரு நாளும் மறக்கவில்லை. ஜெராக்ஸில் ஒட்டக் கருப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதை ஒட்டுவது? மறைக்க வேண்டியது அந்தக் கடிதத்தில் இல்லவே இல்லை, என் வயிற்றில் இருந்தது. அடக்கத்தன்று அத்தை உன்னைத் திட்டியபோதே சொல்லியிருக்க வேண்டும். பயம். அத்தை என்னை வெளியே தள்ளிவிடுவார் என்ற பயம். அதைவிட, மாமா சாவுக்கு நான்தான் காரணம் என்று ஒருவர் வாயால் கேட்கும் பயம். உன்மேல் போகட்டும் என்று விட்டேன். பதினோரு வருஷம் விட்டேன். நான் நல்ல அக்கா இல்லை.

அத்தை மண்டபத்திலேயே எழுந்து தனியாக ரயில் பிடித்துப் போய்விட்டார். பத்து நாள் என்னோடு பேசவில்லை. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார். நேற்று நான் வேலைக்குக் கிளம்பும்போது முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். "நானு தெனம் சாபம் வுட்டது ஒரு பாவமும் அறியாத புள்ளய. அவன வரச் சொல்லு. உன்ன இன்னா பண்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல. நீயும் இங்கயே இரு, நானும் யோசிக்கிறேன்."

ஆகையால் எழுதுகிறேன். வா. இதைப் படித்த பிறகும் உனக்கு வர மனசிருந்தால் வா.

மெர்சி


ஹட்பே
19.1.2025

அக்கா,

இந்த முறை நலம் விசாரிக்கக் கை வரவில்லை. கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. தினமும் கடலோரம் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

எனக்குத் தெரியும்.

அன்று காலை மாமா மில்லுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி என் அறைக் கதவைத் தட்டினார். "உங்கக்கா தொரத்திட்டாடா. என்னவிட உம்மேலதான் அவளுக்கு உசுரு. போ, போய்ப் பறவயப் பாத்துட்டு வா" என்றார். சிரித்தார். டிபன் டப்பா ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டே போனது. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான். எனக்கு எதுவும் மறக்கவில்லை. முந்நூறு பேர் முன்னால் வாசிக்கும் கடிதத்தில் உன்னைக் காட்டிக் கொடுக்க வேண்டாம் என்றுதான் மாற்றி எழுதினேன்.

அடக்கத்தன்று அத்தை என் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது நீ பக்கத்தில்தான் நின்றாய். நான் அத்தையைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லுவாய் என்று பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். நான் கப்பல் ஏறியது குற்ற உணர்ச்சியால் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், நீயும் நினைத்தாய். கோபத்தால் ஏறினேன், அக்கா. உன் மேல் இருந்த கோபத்தால்.

மூன்று நாலு வருஷம் அது எரிந்தது. அப்புறம் இந்த வெள்ளைக் கடலைப் பார்த்துப் பார்த்து என்னவோ ஆகிவிட்டது. நான் வாயைத் திறந்தால் நீ போக்கிடம் இல்லாமல் நிற்பாய், எனக்கோ போவதற்கு ஒரு தீவு கிடைத்துவிட்டது, பழி என்னோடு இங்கேயே இருக்கட்டும் என்று தோன்றியது. ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸும் நீ போனை வைக்கும்வரை காத்திருப்பேன். நீ சொல்லிவிட்டாய். யாரோ ஒரு அம்மா வாசித்ததைக் கேட்டுச் சொன்னாயோ, எப்படியோ, சொல்லிவிட்டாய். உன் கடிதத்தைப் படித்த அன்று வங்காளி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது. சோறு போட்டார்.

நாலாம் தேதி கப்பல் ஏறுகிறேன். ஏழாம் தேதிவாக்கில் சென்னைத் துறைமுகம். அத்தையிடம் சொல். துறைமுகத்துக்கு நீ வர வேண்டாம், நானே ரயில் பிடித்து வந்துவிடுவேன்.

அத்தை முன்னால் நிற்க எனக்கு இப்போது பயம் இல்லை. உன் முன்னால் நிற்கத்தான் பயமாக இருக்கிறது. உன்னைப் பார்த்ததும் முதலில் என்ன வரும் என்று தெரியவில்லை. அழுதாலும் அழுவேன், தெருவே கூடும்படி சத்தம் போட்டாலும் போடுவேன். எது வந்தாலும் நீ அங்கேயே நில், அக்கா. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நில். தரையை மட்டும் பார்க்காதே.

உன் தம்பி
ஜெரால்ட்